பெங்களூருல புது மைக்ரோப்ரூவரி: எதை முதல்ல குடிக்கணும், யார்கிட்ட என்ன கேட்கணும்?

#1 · அடையாறு வாசு

அடுத்த மாசம் நாலு பேர் ரெண்டு நாளைக்கு பெங்களூரு போறோம். பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்தற மைக்ரோப்ரூவரிகள்ல டாய்ட், ஆர்பர், விண்ட்மில்ஸ் எல்லாம் தெரிஞ்ச பேர், அதுல ஒண்ணுக்காவது போவோம். ஆனா இந்தத் தடவை முக்கியமா பாக்க நினைக்கறது கடந்த ஒரு வருஷத்துல திறந்த சின்ன இடங்களை. "இது சூப்பர், அது மொக்கை"னு பட்டியல் போட வேண்டாம், ஆறு மாசத்துல அது மாறிடும். புது இடத்துக்குள்ள நுழைஞ்சா அங்க பியரை ஒழுங்கா காய்ச்சறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சாம்ப்ளர்ல (பல பியரைச் சின்னச் சின்ன கிளாஸ்ல தர்ற தட்டு) எந்த வரிசை? ஒரு நாளைக்கு எத்தனை இடம் தாங்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 · மால்ட் மணி

வாசு, உள்ள போனதும் பியர் பலகையைப் பாருங்க. புது இடம்னா பெரும்பாலும் அதே ஆறுதான் எழுதியிருக்கும்: ஹெஃபவைட்சன் (சுருக்கமா ஹெஃப), விட் (ரெண்டும் கோதுமை பியர்), பிளாண்ட் (வெளிர் நிறம், லேசானது) இல்லன்னா லாகர் (குளிர்ல மெதுவா நொதிக்கறது), ஐபிஏ (கசப்பு தூக்கலா இருக்கறது), ஸ்டவுட் (கறுப்பு பியர்), ஒரு பழ பியர் இல்லன்னா சைடர் (ஆப்பிள் சாறு நொதிச்சது). இதுல ரசனையை விட டேங்க் கணக்குதான் அதிகம். கர்நாடகத்துல மைக்ரோப்ரூவரிக்கு ஒரு நாளைக்கு 1000 லிட்டர் உச்சவரம்பு. அதனால காய்ச்சற கொப்பரையும் 500, 1000 லிட்டர் அளவுலதான் இருக்கும், கூட சில ஃபெர்மென்டர், அதாவது நொதிக்க விடற டேங்க். கோதுமை பியர் 20 டிகிரி வாக்குல நாலஞ்சு நாள்ல நொதிச்சு முடிஞ்சு, குளிர வச்சு, ரெண்டு வாரத்துல கிளாஸுக்கு வந்துடும். லாகர் அப்படி இல்ல. 10-12 டிகிரில பத்து நாள் நொதிக்கணும், அப்புறம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல மூணு நாலு வாரம் கிடக்கணும். ஒரு லாகர் அடைச்சு வச்சிருக்கற டேங்க்ல ரெண்டு மூணு கோதுமை பியர் ஓட்டிடலாம். வாடகை கழுத்தைப் பிடிக்கற முதல் வருஷத்துல எத்தனை முதலாளி லாகருக்கு டேங்க் தருவாங்க?

அதனால திறந்து நாலஞ்சு மாசம் ஆன இடத்துல முறையான லாகர் இருந்துச்சுன்னா முதல் கிளாஸ் அதுதான். மால்ட் (முளைகட்டிக் காய வச்ச பார்லி) குறைவு, ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தர்ற பூ) குறைவு, ஈஸ்ட் வாசனையும் கிட்டத்தட்ட இல்ல, அப்ப காய்ச்சினதுல இருக்கற குறையை மூடி மறைக்க ஒண்ணுமே இல்ல. மாம்பழ பியர் நல்லா இருந்தா அந்த வருஷம் மாம்பழம் நல்லா இருந்துச்சுன்னு தெரியும், அவ்வளவுதான்.

திறந்து மூணே வாரம் ஆன இடத்துல "லாகர்"னு எழுதியிருந்தா எப்பக் காய்ச்சினதுன்னு கேளுங்க. திறப்பு விழாவுக்கு முன்னாடியே காய்ச்சியிருக்கலாம். இல்ல, கோல்ஷ்ங்கற வேற வகை பியரோட ஈஸ்ட்டை 15-16 டிகிரில ஓட்டிட்டு லாகர்னு பேர் வச்சிருக்கலாம். அப்படி இருந்தா லேசா பழ வாசனை வரும். குடிக்க நல்லாவே இருக்கலாம், ஆனா லாகர் அளவுகோலை வச்சு அதை மார்க் போடாதீங்க.

லாகர் இல்லன்னா பிளாண்ட், அதுவும் இல்லன்னா ஹெஃப. இன்னொரு விஷயம், அளவுகோலுக்காக முதல் நாள் ஒரு பழைய இடத்துல ஆரம்பிங்க. டாய்ட்ல வைஸ்ங்கற ஹெஃப, பாஸ்மதி பிளாண்ட், ஆர்பர்ல பேங்களூர் ப்ளிஸ், இதெல்லாம் பல வருஷமா ஒரே ரெசிபில வர்றது. நாக்குல அது இருக்கும்போது புது இடத்து ஹெஃபவைக் குடிச்சா வித்தியாசம் சட்டுனு பிடிபடும்.

#3 · ஈரோடு ஈஸ்ட்

மணி அண்ணன் சொன்ன டேங்க் கணக்கு நூத்துக்கு நூறுங்க. நான் ப்ரூவர்கிட்ட என்ன கேக்கறதுன்னு மட்டும் சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணு. சனிக்கிழமை ராத்திரி போனா ப்ரூவரைப் பாக்கவே முடியாதுங்க. மால்ட் அரைக்கறதுல இருந்து கொப்பரை கழுவற வரைக்கும் ஒரு தொகுதிக்கு, அதாவது ஒரு தடவை காய்ச்சறதுக்கு, ஏழெட்டு மணி நேரமாவும். காலைல ஆரம்பிச்சா மூணு, நாலு மணிக்கு முடியும். வார நாள் மதியம் மூணரைக்குப் போனீங்கன்னா கால்ல பூட்ஸோட ஒருத்தர் ஹோஸ் பைப் சுருட்டிட்டு இருப்பாரு. அவருதான் ஆளு. பேரர்கிட்டச் சொல்லி விட்டீங்கன்னா பெரும்பாலும் வந்து பேசுவாரு. அவங்க பியரைப் பத்தி ஒழுங்கா கேள்வி கேக்கற ஆளு கிடைக்கறதே அபூர்வங்க.

கேக்க வேண்டியது:

"இந்த பியர் எப்ப சர்விங் டேங்குக்கு மாத்துனீங்க?" நொதிச்சு முடிஞ்சப்பறம் பியர் குழாய்க்குப் போற டேங்க் அதுங்க. தேதி உடனே வந்தா நல்ல அறிகுறி. ஐபிஏன்னா மூணு நாலு வாரத்துக்குள்ள இருக்கோணும். ஸ்டவுட், லாகர் ரெண்டு மாசம் தாங்கும்.

"தண்ணி எது?" காவிரித் தண்ணில குளோரின் இருக்கும், போர் தண்ணியும் லாரித் தண்ணியும் கடினம். ஆர்ஓ போட்டு, அப்புறம் கால்சியம் குளோரைடும் ஜிப்சமும் அளந்து சேக்கறமுன்னு சொன்னா அவருக்கு வேலை தெரியும். "ஆர்ஓ தண்ணி, அவ்வளவுதான்"னு நிறுத்தினா கொஞ்சம் யோசிக்கோணும். கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது இல்லைன்னா ஈஸ்ட் நல்லா கீழ படியாது, மாஷ் (வெந்நீர்ல ஊறற அரைச்ச மால்ட்) பிஎச்சும் 5.2-5.6க்குள்ள நிக்காம மேல போயிரும். அப்பறம் பிளாண்ட் பியர்ல டீத்தூள் மாதிரி ஒரு துவர்ப்பு வரும்.

"ஈஸ்ட் எத்தனையாவது தலைமுறை?" காஞ்ச ஈஸ்ட்டை ஒவ்வொரு தடவையும் புதுசாப் போட்டா செலவு அதிகம், ஆனா புது இடத்துக்கு அதுதான் பாதுகாப்பு. ஒரு தொகுதில இருந்து ஈஸ்ட்டை அறுவடை பண்ணி அடுத்ததுல திரும்பப் போடறவங்கன்னா மைக்ரோஸ்கோப் வச்சு எண்ணறாங்களான்னு கேளுங்க. எண்ணாம கண்மதிப்புல ஊத்தற இடத்துல ஒரு மாசம் இருக்கற ருசி அடுத்த மாசம் இருக்காதுங்க.

"டேப் லைன் எப்பக் கழுவினீங்க?" டேங்க்ல இருந்து பார் குழாய்க்கு வர்ற பைப்புங்க அது. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 2 சதவீத காஸ்டிக் சோடா சுத்த விடறது வழக்கம், கால் மணி நேரமாவது. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆசிட். இதை ப்ரூவர்கிட்டக் கேக்காதீங்க, பார்ல நிக்கறவருகிட்டக் கேளுங்க. பல இடத்துல கழுவற வேலை யாருதுங்கறதுலயே ரெண்டு பேருக்கும் தகராறு இருக்கும்.

#4 · தி.நகர் தாகம்

லாகர், பிளாண்ட்னு ஆரம்பிச்சா போரடிக்கும் பாஸ். க்ராஃப்ட் பியர்னாலே ஐபிஏதான். ஆர்பர்ல ரேஜிங் எலிஃபன்ட் குடிச்சிட்டுப் பேசுங்க. புது இடத்துக்குப் போனா நேரா ஐபிஏ, அது சரியா இருந்தா உக்காரு, இல்லன்னா கிளம்பு. எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

#5 · மால்ட் மணி

தாகம், ஐபிஏவை ஒதுக்கச் சொல்லல, முதல் கிளாஸா எடுக்க வேண்டாம்னுதான் சொல்றேன். ஹாப்ஸ் கசப்பு நாக்குல ஒட்டிக்கிட்டு லேசுல போகாது. 50-60 ஐபியூ (கசப்பு அளவு) இருக்கற ஒண்ணு உள்ள போயிட்டா அடுத்த கால் மணி நேரத்துக்கு 15 ஐபியூ ஹெஃப வெறும் சர்க்கரைத் தண்ணியாத்தான் தெரியும். அதோட டிரை ஹாப் (வாசனைக்காகக் கொதிக்க வைக்காம பின்னாடி சேக்கற ஹாப்ஸ்) நிறையப் போட்ட ஐபிஏ கொஞ்சம் வெண்ணெய் வாசனை, கொஞ்சம் பச்சை ஆப்பிள் வாசனை மாதிரி குறைகளை எல்லாம் மறைச்சிடும். காய்ச்சறவங்களுக்கு அது நல்லாத் தெரியும்.

ஆனா நீங்க சொல்றதுலயும் ஒரு உண்மை இருக்கு. ஆக்சிஜன் கட்டுப்பாட்டைச் சோதிக்க ஐபிஏ மாதிரி வேற பியர் கிடையாது. கலங்கலான நியூ இங்கிலாந்து ஐபிஏ வந்தா நிறத்தைப் பாருங்க. வெளிர் மஞ்சள், ஆரஞ்சு இருந்தா சரி. பழுப்போ சாம்பல் கலந்த ஊதாவோ ஏறியிருந்தா டேங்க் மாத்தும்போது காத்து புகுந்துடுச்சு. அப்படி ஆனதுல மாம்பழம், கொய்யா வாசனையெல்லாம் போய் ஒரு சப்பையான தித்திப்பு மட்டும் மிஞ்சும். சர்விங் டேங்கை முதல்ல தண்ணி நிரப்பி, அதைக் கார்பன் டை ஆக்சைடால தள்ளி வெளியேத்திட்டு, அப்புறம் பியரை உள்ள விடறாங்களான்னு கேட்டுப் பாருங்க. வெறும் கேஸைக் கொஞ்ச நேரம் ஊதி விட்டா உள்ள இருக்கற காத்து முழுசா போகாது.

வரிசைன்னு கேட்டதால: லாகர் அல்லது பிளாண்ட், விட், ஹெஃப, ஆம்பர் மாதிரி மால்ட் பியர், ஸ்டவுட், கடைசில ஐபிஏ. ஸ்டவுட்டுக்கு முன்னாடி ஐபிஏ வைக்கறவங்களும் உண்டு, நான் பின்னாடிதான் வைப்பேன். புளிப்பு பியரும் பழ பியரும் எல்லாத்துக்கும் அப்புறம். சாம்ப்ளர் தட்டுல அவங்க அடுக்கித் தர்ற வரிசை பெரும்பாலும் டேப் நம்பர் வரிசை, அதை நம்ப வேண்டாம்.

#6 · நுரைப்பித்தன்

குறைகளைப் பத்தி யாரும் விரிவா எழுதல, நான் எழுதறேன். கொஞ்சம் நீளும்.

வெண்ணெய், தியேட்டர் பாப்கார்ன் வாசனை, நாக்குல வழுவழுப்பு: டயசிட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட்டோட வேலையால உருவாகும், கடைசில ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிடும். அதுக்கு நேரம் கொடுக்கணும். லாகர்ல கடைசி ரெண்டு மூணு நாள் சூட்டை 15-18 டிகிரிக்கு ஏத்தி விடறது அதுக்குத்தான். வார இறுதிக்குள்ள டேங்க் வேணும்னு அவசரப்பட்டு குளிர வச்சுட்டா வெண்ணெய் அப்படியே தங்கிடும். புது இடங்கள்ல நான் அதிகம் பாக்கற குறை இதுதான். குளிர்ல ஒளிஞ்சிருக்கும், அதனால கிளாஸை ரெண்டு கையாலயும் பொத்தி அஞ்சு நிமிஷம் சூடேத்திட்டு மோந்து பாருங்க. ஒரே ஒரு பியர்ல இருந்தா அந்த டேங்க் பிரச்சனை. நாலு பியர்லயும் இருந்து கூடவே லேசான புளிப்பும் வந்தா, பியரை விடுங்க, டேப் லைன் அழுக்கு. அங்க பாக்டீரியா குடியேறி அதே வெண்ணெயை உண்டாக்கிட்டு இருக்கு.

வேகவச்ச மக்காச்சோளம், முட்டைக்கோஸ்: டிஎம்எஸ். வெளிர் பில்ஸ்னர் மால்ட்ல இருந்து வர்றது. கொதிக்கும்போது ஆவியா போயிடணும். கொதி பத்தலன்னாலோ, மூடி போட்டுக் கொதிக்க வச்சாலோ, கொதிச்சப்புறம் ஆற வைக்க ரொம்ப நேரம் எடுத்தாலோ தங்கிடும். புதுக் கொப்பரையில பர்னரோ ஸ்டீமோ சரியா அமையாத முதல் சில தொகுதிகள்ல இது சகஜம். அடுத்த மூணு மாசத்துல தானா சரியாகிடும், அதுக்காக அந்த இடத்தைக் கழிச்சுக் கட்ட வேண்டாம்.

நறுக்கின பச்சை ஆப்பிள், பச்சைப் பூசணி: அசிட்டால்டிஹைட். பியர் இன்னும் பிஞ்சுன்னு அர்த்தம். இதுவும் அவசரத்தால வர்றதுதான்.

பிளாஸ்திரி, ஆஸ்பத்திரி வாசனை: குளோரோஃபீனால். தண்ணில குளோரின் போகல, இல்லன்னா குளோரின் கிளீனர் போட்டுக் கழுவிட்டு சரியா அலசல. கார்பன் ஃபில்டர் மாத்த மறந்தாலும் வரும். இதைக் கொஞ்ச நாள்ல சரியாகும்னு மன்னிக்க முடியாது. ஹெஃபல வர்ற கிராம்பு வாசனையோட குழப்பிக்காதீங்க. கிராம்பு இனிமையா மூக்குல நிக்கும், பிளாஸ்திரி தொண்டையில நிக்கும்.

காடி வாசனை: அசிட்டிக். ஆக்சிஜனும் பாக்டீரியாவும் சேர்ந்தது. புளிப்பு பியர்னு பேர் போட்டு வித்தா உஷார். லாக்டோபாசிலஸ் பாக்டீரியா போட்டு வேணும்னே புளிக்க வச்ச பியர்ல தயிர், எலுமிச்சை மாதிரி சுத்தமான புளிப்பு இருக்கும், மூக்குல குத்தாது.

ஹெஃப பத்தித் தனியா ஒரு வரி. வாழைப்பழம், கிராம்பு ரெண்டும் ஈஸ்ட்ல இருந்துதான் வருது, வேற எதையும் சேக்கறதில்ல. 17-18 டிகிரில நொதிச்சா கிராம்பு முன்னாடி நிக்கும், 22க்கு மேல போனா வாழைப்பழம் ஏறும். மாஷ்ல 43-45 டிகிரில கால் மணி நேரம் நிறுத்தினா கிராம்புக்கான மூலப்பொருள் கூடும். பெங்களூருல ஜனங்களுக்கு வாழைப்பழம் பிடிக்கும்னு பல இடத்துல வேணும்னே மேல ஓட்டறாங்க. அது குறை இல்ல. ஆனா நெயில் பாலிஷ் வாசனை வந்தா ஓவர்.

#7 · ஸ்கார்பரோ தம்பி

நான் டொரண்டோவிலை இருந்து எழுதுறன். இஞ்சை நிலைமை வேறை. அங்கை மைக்ரோப்ரூவரி பியரை அந்த இடத்திலையே இருந்து குடிக்கிறதுதான் முறை, இஞ்சை கனக்க ப்ரூவரியளிலை பக்கத்திலை ஒரு போத்தல் கடை இருக்கும், கேனிலை வாங்கிக்கொண்டு வீட்டை போகலாம். அதாலை நாங்கள் முதல் பாக்கிறது கேனின்ரை அடியிலை இருக்கிற திகதியை. ஐபிஏ எண்டால் அடைச்சு ஒரு மாதத்துக்குள்ளை, கூடினால் ஆறு கிழமை.

லாகரைப் பற்றி மணி அண்ணை எழுதினது இஞ்சையும் பொருந்தும், ஆனால் மறுபக்கமும் இருக்கு. இஞ்சை காட்ஸ்பீட் எண்ட ப்ரூவரி 2017இலை திறந்தது, லாகருக்குப் பேர்போனது. செக் முறையிலை ஸ்க்லெப்னிக் எண்டு ஒண்டு காய்ச்சுறவை. புது இடம் எண்டால் லாகருக்கு நேரம் ஒதுக்காது எண்டு முடிவு கட்ட ஏலாது, முதலாளியே ப்ரூவராய் இருக்கிற இடங்களிலை கணக்கு மாறும். பெங்களூரிலையும் அப்பிடி இடம் இருக்கோ எண்டு தேடிப் பாருங்கோ. ஆர் முதலாளி, ஆர் காய்ச்சுறது, ரெண்டும் ஒரே ஆளோ எண்டதை முதல் கேளுங்கோ.

#8 · ஈரோடு ஈஸ்ட்

தம்பி சொன்னது முக்கியமான பாயிண்டுங்க. இங்க நிறைய இடத்துல ஆலோசகர் ஒருத்தர் வந்து உபகரணம் பொருத்தி, ஆறு ரெசிபி எழுதிக் குடுத்துட்டு, ஆறு மாசத்துல கிளம்பிருவாரு. அவரு இருக்கற வரைக்கும் பியர் நல்லா இருக்கும். அப்பறம் உள்ள இருக்கற சின்னப் பசங்க அந்தத் தாளைப் பாத்துக் காய்ச்சுவாங்க. மால்ட் தொகுதி மாறும், ஹாப்ஸ்ல கசப்பு தர்ற ஆல்ஃபா அமில அளவு மாறும், தாள்ல இருக்கற கிராம் மட்டும் மாறாது. அதனால ஒரு இடம் திறந்து எட்டாவது, ஒம்பதாவது மாசம் எப்படி இருக்குங்கறதுதான் நிஜமான பரீட்சை. திறப்பு விழா வாரத்து விமர்சனத்தை நம்பிப் போகாதீங்க.

#9 · அடையாறு வாசு

நிறைய விஷயம் கிடைச்சிருக்கு, எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூணு சந்தேகம். மொட்டை மாடி டேபிள் நல்லதா, கீழ டேங்க் பக்கம் நல்லதா? அங்க கொடுக்கற பியர் ஐஸ் மாதிரி இருந்தா ருசி தெரியுமா? பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாமா, சண்டை வருமா?

#10 · நுரைப்பித்தன்

மொட்டை மாடியில மதியம் வேண்டாம். ஹாப்ஸ் போட்ட எந்த பியரும் கண்ணாடி கிளாஸ்ல நேர் வெயில் பட்டா சில நிமிஷத்துலயே நாறும், பச்சை பாட்டில் இறக்குமதி பியர்ல வருமே அந்த வாசனை. அது ப்ரூவரோட தப்பு இல்ல, உங்க டேபிளோட தப்பு. தவிர மாடி பாருக்குக் கீழ டேங்க்ல இருந்து குழாய் நீளமா போகும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர், நீளம் 20 மீட்டர்னா குழாய்க்குள்ள மட்டும் ஒன்றரை லிட்டர் நிக்கும். காலைல கடை திறந்ததும் ஊத்தற முதல் மூணு கிளாஸ் ராத்திரி முழுக்க அந்தக் குழாய்ல தூங்கினது. டேங்குக்குப் பக்கத்துல இருக்கற பார்ல உக்காருங்க, கடை திறந்து ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க.

குளிர்: பல இடத்துல 2-4 டிகிரில ஊத்தறாங்க. லாகருக்கு 5-6, கோதுமைக்கு 7-8, ஐபிஏவுக்கு 8-10, ஸ்டவுட்டுக்கு 11-12 வந்தாத்தான் வாசனை திறக்கும். சாம்ப்ளர் தட்டு வந்ததும் ஸ்டவுட்டையும் ஐபிஏவையும் ஓரமா வச்சுட்டு லாகர்ல ஆரம்பிச்சா, அதுங்க முறை வரும்போது சரியா இருக்கும். ஃப்ரீசர்ல வச்ச கிளாஸ் வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

கிளாஸையும் பாருங்க. நுரைக்குக் கீழ சுவர்ல குமிழி ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ்ல எண்ணெய்ப் பசை. சுத்தமான கிளாஸ்ல ஒவ்வொரு மடக்குக்கும் நுரை வளையம் வளையமா ஒட்டும். கிளாஸ் மாத்தித் தரச் சொல்லிட்டு அப்புறம் பியரைக் குறை சொல்லுங்க.

#11 · ஈரோடு ஈஸ்ட்

திருப்பிக் குடுக்கறது பத்திங்க. "பிடிக்கலை"ன்னு சொன்னா யாரும் மாத்தித் தர மாட்டாங்க, தரவும் வேண்டியதில்லை. "இதுல வெண்ணெய் வாசனை வருது, வேற டேப்ல வரலை, ப்ரூவரை ஒரு வாய் பாக்கச் சொல்றீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. முக்கால்வாசி கிளாஸைக் காலி பண்ணிட்டுக் கேக்காதீங்க, ரெண்டு வாய்லயே சொல்லிருங்க. அப்பறம், பைண்ட் (பெரிய கிளாஸ்) சொல்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வாய் ருசி பாக்கக் கேட்டா பெரும்பாலான இடத்துல சும்மாவே தருவாங்க, கூட்டம் இல்லாத நேரமா இருக்கோணும்.

#12 · ஒயிட்ஃபீல்ட் வண்டி

போக்குவரத்தும் அளவும் யாரும் தொடல.

சென்னைல காலைல கிளம்பற வந்தே பாரத் நாலரை மணி நேரம் போல ஆகும், கேஎஸ்ஆர் ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே மெட்ரோ ஏறலாம். ஊதா வழித்தடம் எம்ஜி ரோடு, இந்திராநகர் தாண்டி ஒயிட்ஃபீல்ட் வரை ஒரே வண்டி. டாய்ட் இருக்கற 100 அடி ரோடு இந்திராநகர் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம். ஆர்பர் இருக்கற மக்ரத் ரோடுக்கு எம்ஜி ரோட்ல இறங்கணும். ஒரு நாள் நகரத்துக்குள்ள, ஒரு நாள் ஒயிட்ஃபீல்ட் பக்கம்னு பிரிச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே நாள்ல இழுத்தா நேரம் ரோட்லயே போயிடும். சொந்தக் கார் எடுத்துட்டு வந்தா ஹோட்டல்லயே விட்டுடுங்க, குடிச்சிட்டு ஸ்டியரிங் தொடற பேச்சே வேண்டாம். 21 வயசுக்கு ஆதாரமா அடையாள அட்டை வச்சுக்கோங்க. தேர்தல் தேதி பக்கத்துல இருந்தா வாக்குப்பதிவு முடியற நேரம் வரைக்கும் 48 மணி நேரம் எல்லாம் மூடியிருக்கும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

இப்ப அளவு. சாம்ப்ளர் ஆறு கிளாஸ், ஒவ்வொண்ணும் 100 மில்லின்னா 600 மில்லி. சராசரி 5 சதவீதம் போட்டா 30 மில்லி சுத்த ஆல்கஹால். 330 மில்லி பாட்டில் பியர் 5 சதவீதம்னா 16.5 மில்லி. அதாவது "சும்மா ருசி பாத்தேன்"ங்கறது கிட்டத்தட்ட ரெண்டு பாட்டில். மூணு இடத்துல அதே மாதிரி தனித்தனியா வாங்கினா அஞ்சரை பாட்டில். மூணாவது இடத்துல நாக்கு என்ன சொன்னாலும் அதுக்கு மதிப்பில்ல. நாலு பேருக்கு ரெண்டு சாம்ப்ளர் வாங்குங்க, ஒரு நாளைக்கு மூணு இடம், நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி, ஒவ்வொரு இடத்துலயும் தலைக்கு அரை லிட்டராவது தண்ணி. சாம்ப்ளர் கிளாஸ் 60 மில்லியா 120 மில்லியான்னு முதல்லயே கேட்டுடுங்க, இடத்துக்கு இடம் மாறும்.

சாப்பாடு: ருசி பாத்து முடிக்கற வரைக்கும் கோபி மஞ்சூரியனும் ஆந்திரா சில்லி சிக்கனும் தொடாதீங்க. காரத்துக்கு மேல ஐபிஏ போனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டு வாய் எரியும், கொஞ்ச நேரத்துக்கு வேற எதுவும் தெரியாது. வேகவச்ச கடலை, வெறும் ரொட்டி, உப்பு குறைவான உருளைக்கிழங்கு போதும். குறிப்பு எடுத்து முடிச்சப்புறம் என்ன வேணா ஆர்டர் பண்ணுங்க.

#13 · தி.நகர் தாகம்

சரி, ஒத்துக்கறேன், ஐபிஏ கடைசிலயே இருக்கட்டும். ஆனா இந்த உள்ளூர்ச் சரக்கு, ராகி, மாம்பழம், காபி இதெல்லாம் பத்தி யாராவது சொல்லுங்க. புது இடங்கள்ல அதைத்தான் பெருசா விளம்பரம் பண்றாங்க.

#14 · மால்ட் மணி

ராகி: ராகியோட மாவுச்சத்து முழுசா வெந்து திறக்க பார்லி மாஷ் நடக்கற 65-67 டிகிரி போதாது. ஒண்ணு தனியா வேகவச்சு மாஷ்ல சேக்கணும், இல்ல முளைகட்டின ராகியா இருந்தாலும் பார்லி மால்ட்டோட துணை வேணும். பச்சையா அரைச்சுப் போட்டா சர்க்கரை குறைவா வரும், பியர்ல ஒரு மாவு நெடி நிக்கும். அளவு 10-20 சதவீதம் இருந்தா மண் வாசனையும் ஒரு வறண்ட முடிவும் தெரியும். எத்தனை சதவீதம்னு கேட்டா பதில் வரலன்னா கைப்பிடி போட்டுட்டு பேர்ல பெருசா எழுதியிருக்காங்கன்னு வச்சுக்கலாம். அரிசிலயும் இதே கணக்குதான். அரிசி பியரை லேசாக்கும், குறையையும் பளிச்சுனு காட்டும்.

மாம்பழம்: கூழை முதல் நொதிப்பு முடியற கட்டத்துல போடணும், பியர் எடையில 10 சதவீதம் வாக்குல. பழச் சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டுடறதால ஒழுங்கா பண்ணின மாம்பழ பியர்ல தித்திப்பு குறைவாத்தான் இருக்கும், தோலுக்குப் பக்கத்துல வர்ற லேசான பிசின் வாசனை தெரியும். பாட்டில் ஜூஸ் மாதிரி தித்திச்சா ஒண்ணு எசென்ஸ், இல்லன்னா நொதிச்சு முடியறதுக்குள்ள எடுத்துட்டாங்க. சீசன் ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும். மத்த மாசத்துல கிடைச்சா பதப்படுத்தின கூழ். அது தப்பே இல்ல, கிருமி பயம் குறைவுங்கறதால பல ப்ரூவர்கள் சீசன்லயும் அதைத்தான் வாங்கறாங்க.

காபி ஸ்டவுட்: சிக்மகளூர் கொட்டையைக் குளிர்ந்த தண்ணில ஊறவச்சு அந்த டிகாக்ஷனை சர்விங் டேங்க்ல சேக்கறதுதான் பொதுவான வழி. புதுசா இருக்கும்போது அருமை. நாள் ஆக ஆக குடைமிளகாய் வாசனை வரும். அது வந்தாச்சுன்னா அந்தத் தொகுதி பழசு, பேரர் என்ன சொன்னாலும் சரி.

#15 · நுரைப்பித்தன்

அன்டாப்ட் ஆப்ல ஜனங்க பியருக்குப் போடற மார்க்கைப் பத்தியும் ஒண்ணு. சராசரி மார்க் எப்பவும் ஆல்கஹால் கூடின, தித்திப்பான பியருக்குச் சாதகமாத்தான் விழும். நல்ல பில்ஸ்னருக்கு (வெளிர் லாகர் வகை) அஞ்சுக்கு 3.6, சுமாரான பெரிய ஸ்டவுட்டுக்கு 4னு இருந்தா ஆச்சரியப்படாதீங்க. சராசரியை விட்டுட்டு கடைசி மூணு வாரத்துப் பதிவுகளைத் தேதி வாரியா படிங்க. திடீர்னு நாலஞ்சு பேர் "புளிப்பு", "வெண்ணெய்"னு எழுதியிருந்தா அந்தத் தொகுதியில ஏதோ நடந்திருக்கு. கூகுள் விமர்சனம் பார்க்கிங்குக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் மட்டும்தான் உதவும்.

#16 · அடையாறு வாசு

அப்ப திட்டம் இப்படி வச்சிருக்கேன். முதல் நாள் மதியம் டாய்ட்ல வைஸும் பிளாண்டும் மட்டும் பகிர்ந்து குடிச்சிட்டு, அதே பக்கம் ரெண்டு புது இடம். ரெண்டாவது நாள் ஒயிட்ஃபீல்ட். கிளம்பறது வெள்ளிக்கிழமையா இருந்ததை செவ்வாய்க்கு மாத்தறேன்.

#17 · ஈரோடு ஈஸ்ட்

செவ்வாய் சரிதானுங்க. ஆனா ரெண்டாவது புது இடத்துக்கு அஞ்சு மணிக்கு மேல போனீங்கன்னா ப்ரூவர் கிளம்பிருவாரு. டாய்ட்ல பன்னெண்டு மணிக்கே உக்காந்துட்டு, முதல் புது இடத்துக்கு ரெண்டு மணி, அடுத்தது நாலுன்னு வச்சுக்கோங்க. இடைவெளி கொஞ்சம் சுருங்கும், அதுக்கு டாய்ட்ல சாம்ப்ளர் வாங்காம அந்த ரெண்டு பியரோட நிறுத்திக்கோங்க. முந்தின நாளே போன் பண்ணி "நாளைக்குக் காய்ச்சறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனா இன்னும் நல்லது. காய்ச்சற நாளா இருந்தா மாஷ் வாசனையையே நேர்ல பாத்துடலாம்.

#18 · அடையாறு வாசு

சரிங்க, போன் பண்ணிடறேன்.